துணிமூட்டையும் அயலட்டமும்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஒட்டுத்துணிப் போர்வை பற்றி நான் எழுதியது இரண்டே பக்கம். வந்த கேள்விகளோ ஒரு சொப்பிங் பை நிறைய. பாதி துணியைப் பற்றியது, மீதி பக்கத்து வீட்டைப் பற்றியது. திருக்கடலூரில் வீட்டு விறாந்தையில் மெஷினைப் போட்டுக்கொண்டு இருக்கிற எனக்கு இரண்டும் ஒரே தொல்லைதான், எதை உள்ளே எடுப்பது, எதைப் படலையோடு திருப்பி அனுப்புவது என்று. ஆகவே இரண்டையும் கலந்தே எழுதுகிறேன்.

கேள்வி: அக்கா, கோபிக்க வேண்டாம். கச்சான் அடிக்கிற நாளில் விசிறி போட்டும் வேர்த்துக் கொட்டுகிறது. திருகோணமலையில் போர்வை யாருக்கு? (உப்புவெளி வாசகர்)

கோபமில்லை தம்பி, இதை முதன்முதலில் கேட்டது என் வீட்டுக்காரர். கச்சான் காற்று வீசும் மாதங்களில் நானும் போர்த்துவதில்லை. ஆனால் குவில்ட் என்றதும் நீங்கள் நினைப்பது நடுவில் பஞ்சு வைத்துத் தைக்கிற அந்தத் தடிப்பான சாமான். எல்லாம் அப்படி இல்லை. வங்காளத்துப் பெண்கள் பழைய சீலைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, நேரே நூலோட்டித் தைத்துக் காந்தா செய்கிறார்கள், அங்கே என்ன பனியா கொட்டுகிறது? நான் உள்ளூருக்குத் தைப்பது மேலே ஒட்டுத்துணி, கீழே பழைய வேட்டி, அவ்வளவுதான். கட்டிலுக்கு விரிப்பாகக் கிடக்கும், மார்கழி மழைக்குப் போர்த்தலாம், கொழும்புக்கு இரவு ஏ.சி. பஸ்ஸில் போகிறவர்கள் கேட்டு வாங்குவார்கள். ரொறன்ரோவுக்குப் போவதற்கு மட்டும் நடுவில் பஞ்சு.

கேள்வி: தையல்கடையைப் பூட்டிய மாமா ஆறு உரப்பை வெட்டுத்துணி தந்தார். நிறம் நிறமாகப் பிரித்து அடுக்கினேன், பார்க்க அவ்வளவு வடிவு. ஆனால் தைத்த முதல் போர்வை ஒரே கழுவலில் கோணிப்போய்விட்டது. என்ன பிழை விட்டேன்? (நிலாவெளி வாசகி)

நிறத்தில் தொடங்கியதுதான் பிழை, தங்கச்சி. வெட்கப்பட வேண்டாம், நானும் அப்படித்தான் தொடங்கினேன், அடுக்கிவிட்டு எதிரே கதிரையைப் போட்டு ஒரு தேத்தண்ணி முழுவதும் அதைப் பார்த்துக்கொண்டே குடித்தேன். பிறகு மஞ்சளுக்குப் பக்கத்தில் மஞ்சளை வைத்துத் தைத்தால் ஒன்று பருத்தி, மற்றது பொலியெஸ்டர். கழுவினால் பருத்தி சுருங்கும், பொலியெஸ்டர் இருந்த மாதிரியே இருக்கும், நடுவில் மாட்டுப்பட்ட தையல் என்ன செய்யும், கோணும். உங்கள் போர்வைக்கும் அதுதான் நடந்திருக்கிறது. நிறம் கடைசி வேலை, முதல் வேலை நாரைப் பிரிப்பது.

அதற்குக் கண்ணும் கையும் மட்டும் போதாது, நெருப்பு வேண்டும். சுண்டுவிரல் அகலத்தில் ஒரு துண்டு வெட்டி, குறடால் பிடித்து, தண்ணீர் ஊற்றிய பீரிசுக்கு மேலே கொளுத்திப் பாருங்கள். பருத்தி கடதாசி போல எரியும், மணமும் கடதாசி மணம், மிஞ்சுவது ஊதினால் பறக்கிற சாம்பல். பொலியெஸ்டர் சுருண்டு உருகும், கரும்புகை விடும், ஆறிய பிறகு நுனியில் மிளகு மாதிரி ஒரு கறுப்பு முத்து இருக்கும், நகத்தால் அழுத்தினாலும் உடையாது. பட்டு என்றால் மயிர் பொசுங்கிய நாற்றம். இதில் கள்ளன் யார் என்றால் கலப்புத் துணிதான்: நல்ல பிள்ளை மாதிரிக் கடதாசியாக எரிந்துவிட்டு, சாம்பலைத் தடவிப் பார்த்தால் உள்ளே கடினமாக ஒரு மணி. பள்ளிக்கூட வெள்ளை யூனிபோம் துண்டுகள் என்னிடம் வருவதில் அனேகம் இந்த வகை. பிள்ளைகள் படுத்த பிறகு, காற்று வராத குசினியில் செய்யுங்கள். நான் கச்சான் நாளில் விறாந்தையில் வைத்துச் செய்து ஒரு தும்புத்தடியைக் கருக்கிவிட்டேன், அதை வீட்டில் இன்னும் சொல்லிக்காட்டுகிறார்கள்.

ஒவ்வொரு துண்டையும் கொளுத்திக்கொண்டிருக்க வேண்டாம். இருபது முப்பது பார்த்த பிறகு விரலுக்கே தெரிய வரும், பருத்தியைக் கையில் கசக்கிவிட்டால் கசங்கியபடி கிடக்கும், பொலியெஸ்டர் மெல்ல விரிந்து வரும்.

அடுத்தது பலம். துண்டை இரண்டு கைகளிலும் பிடித்து, பெருவிரல்கள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அழுத்திப் பாருங்கள். சர் என்று ஒரு மெல்லிய சத்தம் கேட்டால் அது போர்வைக்கு ஆகாது, எவ்வளவு வடிவாக இருந்தாலும். பழைய சீலை என்றால் வெளிச்சத்துக்கு எதிரே விரித்துப் பிடியுங்கள்: குந்துகிற இடம் சல்லடை மாதிரி இருக்கும், முந்தானைப் பக்கம் புதுசு மாதிரி இருக்கும். வருடக்கணக்காக ஒரே மடிப்பில் கிடந்த சீலை அந்த மடிப்புக் கோட்டிலேயே கிழியும், அந்தக் கோட்டைத் தவிர்த்து வெட்டுங்கள்.

பிறகு கழுவுங்கள், எல்லாவற்றையும், புதுத் துணியையும். சுருங்குகிறது இப்போதே சுருங்கட்டும். சிவப்பு, கடுநீலம், அரக்கு, இந்த மூன்றையும் தனித்தனியாக நனைத்து, ஈரத்தோடு ஒரு வெள்ளைத் துணியில் வைத்து அழுத்திப் பாருங்கள். உப்பும் வினாகிரியும் போட்டால் சாயம் நிற்கும் என்று அம்மாமார் சொல்லித் தந்திருப்பார்கள். கடையில் வாங்குகிற பருத்தித் துணிக்கு அது வேலை செய்யாது, போகிற சாயம் போய் முடியும்வரை அலச வேண்டியதுதான். ஐந்து தண்ணீருக்குப் பிறகும் வெள்ளைத் துணி சிவக்கிறதா, அந்தத் துண்டை வேறு எதற்காவது வையுங்கள். என் தங்கை மகளுக்குத் தைத்த வெள்ளைப் போர்வை முழுக்க இளஞ்சிவப்பானது ஒரே ஒரு சிவப்புச் சதுரத்தால்.

இவ்வளவும் முடிந்தால் ஆறு உரப்பை இரண்டரை உரப்பையாக வந்து நிற்கும். மனம் கஷ்டப்படும், படட்டும். இப்போதுதான் நிறம். அதிலும் சிவப்பா நீலமா என்பதைவிட வெளிறலா கடுமையா என்பதுதான் முக்கியம். துண்டுகளை நிலத்தில் பரப்பி போனில் கறுப்பு வெள்ளையாக ஒரு படம் எடுங்கள். கண்ணுக்குப் பச்சையும் சிவப்பும் எட்டத்தில் நிற்கிறவை மாதிரி இருக்கும், படத்தில் இரண்டும் ஒரே சாம்பல் நிறமாகக் கிடக்கும். அப்படிப்பட்ட இரண்டைப் பக்கத்தில் வைத்தால் எவ்வளவு பாடுபட்டுத் தைத்தாலும் கோலம் தெரியாது.

அளவுக்கு பிஸ்கட் பெட்டி மட்டையில் ஆறரை அங்குலச் சதுரம் ஒன்று வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குப் போக ஆறு அங்குலம் மிஞ்சும். அகலத்துக்கு 10, நீளத்துக்கு 15, ஆக 150 சதுரம் இருந்தால் 60க்கு 90 அங்குலப் போர்வை. ஆறரை வராத துண்டுகளில் மூன்றரை அங்குலச் சதுரம் வெட்டுங்கள், அப்படி நாலைப் பொருத்தினாலும் சரியாக அதே ஆறரை வரும். அதற்கும் சிறியது என்னிடம் "பார்ப்பம்" என்று எழுதிய ஒரு பெட்டிக்குள் போகிறது. மூன்று வருடமாகப் பார்க்கவில்லை.

கேள்வி: நான் தைக்கிறேன் என்று தெரிந்த நாளிலிருந்து அயலட்டத்தார் பழைய துணியெல்லாம் கொண்டுவந்து கேற்றில் கொழுவிவிட்டுப் போகிறார்கள். முகம் முறியாமல் நிறுத்துவது எப்படி? (உள்துறைமுக வீதி வாசகி)

இந்தக் கேள்விக்கு நான் ஒரு புத்தகமே எழுதலாம். சனங்களுக்கு ஒரு எண்ணம், தைக்கிற வீடு என்றால் அது துணிகளுக்கான அநாதை இல்லம் என்று. குப்பையில் போட மனம் வராது, வைத்திருக்க இடமில்லை, ஆகவே எங்கள் கேற். கார்த்திகை மழையில் ஒருநாள் காலையில் பார்த்தால் ஒரு பெரிய பை, கீழே தண்ணீர் சொட்டுகிறது. அவிழ்த்தேன். சோடி இல்லாத சொக்ஸ் ஒன்பது, இலாஸ்டிக் இழுபட்ட உள்ளாடைகள் (யாருக்குத் தருகிறோம் என்று ஒரு நிமிடம் யோசிக்க மாட்டார்களா), கொளுக்கிகள் கழற்றாத திரைச்சீலை, துருப்பிடித்த கொளுக்கிகளின் கறை எல்லாவற்றிலும், அடியில் ஒரு மின்சாரக் கட்டணத் துண்டு. பெயரோடு. பையைக் கொண்டுவந்தது யார் என்று நான் கேட்கவே இல்லை. பில்லை மட்டும் கழுவிய துணி மாதிரி மடித்து, பின்னேரம் அவர்கள் வீட்டுக்குப் போய், "இது தவறி வந்திட்டுது போல" என்று கையில் கொடுத்துவிட்டு வந்தேன். அந்த வீட்டிலிருந்து பிறகு பை வரவில்லை. முகமும் முறியவில்லை, பங்குனி உத்தரத்துக்கு எங்களுக்குப் பொங்கல் வந்தது.

எல்லாப் பையிலும் பில் இருக்காது என்பது தெரியும். நான் இப்போது செய்வது இது: தைக்கிறேன் என்று சொல்கிற அதே வாயால், "பருத்தி மட்டும், கழுவி, கையில் தாருங்கள்" என்றும் சொல்லிவிடுகிறேன். கையில் தர வேண்டும் என்பதுதான் மருந்து. கேற்றில் கொழுவத் துணிச்சல் தேவையில்லை, ஒரு மனுசியின் முகத்தைப் பார்த்து ஒற்றைச் சொக்ஸைக் கொடுக்கக் கொஞ்சம் தேவை. அதையும் தாண்டி வருகிற மிச்சப் பருத்தியை ஓட்டோ திருத்துகிற கராஜுக்குக் கொடுங்கள், கை துடைக்க அவர்களுக்கு எப்போதும் வேண்டும். பொலியெஸ்டரைக் கொடுக்காதீர்கள், ஈரத்தை உறிஞ்சாது, ஏசுவார்கள்.

கேள்வி: முன்வீட்டு அன்ரி மாதம் இரண்டு தரம் நீளக் காற்சட்டையோடு வந்து "ஒரு தையல்தானே பிள்ளை" என்கிறார். என்ன செய்ய?

விலையை முதலில் சொல்லுங்கள், சிரித்துக்கொண்டே சொல்லுங்கள், அதற்குப் பிறகும் வந்தால் தையுங்கள், காசு வருகிறதுதானே.

கேள்வி: நான் தைக்கிறவள் இல்லை. என் பக்கத்து வீட்டு அக்கா இரவு பதினொரு மணிக்கு மெஷினை ஓட்டுகிறார், சுவர் அதிர்கிறது, கைக்குழந்தை எழும்புகிறது. உங்கள் பக்கத்தை வாசிக்கும்போது, அது நீங்கள்தானோ என்று ஒரு சந்தேகம். (பெயர், இடம் வேண்டாம்)

வாசித்ததும் எழும்பிப் போய் எங்கள் பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருக்கிறதா என்று மனதுக்குள் கணக்குப் பார்த்தேன். இல்லை. ஆகவே அது நானில்லை, ஆனால் நானாகவும் இருந்திருக்கலாம். பகலில் எங்களுக்கு எங்கே நேரம்? காலையில் பாண் ஓட்டோ அதே மெட்டைப் போட்டுக்கொண்டு வரும், பிறகு மீன்காரர், பள்ளிக்கூடப் பிள்ளைகள், சமையல், பக்கத்து வளவில் சருகு கொளுத்துகிற புகை வந்தால் கொடியில் கிடக்கிற துணியெல்லாம் ஓடிப்போய் எடுக்க வேண்டும். இரவுதான் மிச்சம். அதற்காக உங்கள் குழந்தை எழும்ப வேண்டும் என்று இல்லை.

அந்த அக்காவிடம் இதைச் சொல்லுங்கள்: மெஷின் மேசை சுவரைத் தொடக் கூடாது, நாலு விரல் தள்ளி வைக்க வேண்டும். சுவர் அதிர்வதில் பாதி அதனால்தான். மேசைக் கால்களுக்குக் கீழே பழைய ரப்பர் செருப்பை வெட்டி வைக்கலாம், நான் வைத்திருக்கிறேன், பாட்டா செருப்பு ஒரு சோடியில் நாலு காலுக்கும் தாராளம். மெஷினுக்கு எண்ணெய் விட்டு எவ்வளவு நாள் என்று கேளுங்கள், கிழமைக்கு ஒருதரம் இரண்டு சொட்டு விட்டால் அரைச் சத்தம் குறையும். தேங்காய் எண்ணெய் அல்ல, மெஷின் எண்ணெய், தேங்காய் எண்ணெய் பிசின் மாதிரி இறுகிவிடும். ஒன்பதுக்குப் பிறகு கைத்தையல், வெட்டுவது, பிரிப்பது. அதிலேயே ஒரு வாரத்து வேலை இருக்கிறது. முதலில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்ச் சொல்லுங்கள், கடதாசியில் எழுதி அனுப்ப வேண்டாம்.

கேள்வி: சிரிக்க வேண்டாம். வெயிலில் காயப்போட்ட புதுப் போர்வையின் மூலையை மான் தின்றுவிட்டது. திருத்தலாமா? (கோட்டைப் பக்கத்து வாசகி)

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு சொல்: எங்கள் ஊரில் புள்ளிமான்கள் பிரெட்ரிக் கோட்டைக்குள்ளும் கோணேசர் கோவிலுக்குப் போகிற வழியிலும் மட்டும் நிற்பதில்லை, பட்டணத்துக்குள்ளும் மாடு மாதிரித் திரியும், பஸ் நிலையத்தடியில் சொப்பிங் பையை மெல்லுகிறதைக் கூடப் பார்க்கலாம். ஆகவே இது கற்பனை இல்லை.

சிரித்தேன், மன்னியுங்கள். ஏனென்றால் எனக்கும் நடந்தது. போர்வைக்குக் கஞ்சி போட்டீர்களா? நான் போட்டிருந்தேன், நல்ல சிவப்பரிசிக் கஞ்சி, உப்பும் கொஞ்சம் விழுந்திருந்தது. மான் உப்புக்கு நாக்கு நீட்டுகிற பிராணி, அதற்கு நாங்கள் சாப்பாட்டைத்தான் கொடியில் போட்டிருக்கிறோம். அதை ஏசிப் பயனில்லை. இப்போது நான் கஞ்சி போடுவதில்லை, கொடியையும் தலைக்கு மேலே கட்டியிருக்கிறேன்.

திருத்தலாம். கடிபட்ட இடத்தை மட்டும் வெட்டி ஒட்டுப் போடாதீர்கள், பார்த்த உடனே தெரியும். ஓரப்பட்டியை அந்த மூலையில் இரண்டு பக்கமும் ஒரு முழம் கழற்றுங்கள், கடிபட்ட சதுரத்தின் தையலைப் பிரித்து முழுச் சதுரத்தையும் எடுத்துவிடுங்கள், அதே ஆறரை அங்குலத்தில் வேறொன்றை வெட்டி, ஓரங்களைக் கால் அங்குலம் உள்ளே மடித்து அயன் பண்ணி, கையால் மறைதையல் போட்டுப் பொருத்துங்கள். புதுச் சதுரத்தை முதலில் மூன்று நாலு தரம் கழுவிக்கொள்ளுங்கள், மற்றவற்றோடு நிறம் ஒத்துப்போக. என்னுடையது லண்டனிலிருந்து ஒருவர் சொல்லித் தைத்த போர்வை. நடந்ததை மறைக்காமல் சொன்னேன், விலையைக் குறைக்கவும் தயாராக இருந்தேன். அவர் திருகோணமலையில் பிறந்தவர். அந்த மூலையில் ஒரு மானை வெட்டி ஒட்டித் தரச் சொல்லிக் கூடுதலாகக் காசு அனுப்பினார்.

கேள்வி: கடற்கரை வீடு, ஊசியெல்லாம் துருப்பிடிக்கிறது. எந்த ஊசி வாங்கலாம்?

எந்த ஊசி வாங்கினாலும் உப்புக்காற்றுக்குத் துருதான். மூடி இறுகிய சின்னப் போத்தலில் கொஞ்சம் பச்சையரிசி போட்டு அதற்குள் வையுங்கள். குண்டூசி குத்துகிற மெத்தையைத் தும்பால் நிரப்பாதீர்கள், ஈரத்தைப் பிடித்து வைக்கும். முந்தின காலத்தில் உதிர்ந்த தலைமயிரைச் சேர்த்து அடைப்பார்கள், அந்த எண்ணெய்ப் பசைக்கு ஊசி துருவேறாது என்று, சொன்னால் என் மகள் முகத்தைச் சுளிக்கிறாள். மெஷினுக்கு, மெல்லிய சீலைத் துணி என்றால் 11, சாதாரணப் பருத்தி என்றால் 14, டெனிம் என்றால் 16. பெட்டியில் 90/14 என்று இரண்டு இலக்கம் இருந்தால் குழம்ப வேண்டாம், இரண்டும் ஒரே ஊசிதான், 90 என்றால் 0.9 மில்லிமீற்றர் தடிப்பு. துருப்பிடித்த ஊசியை உரஞ்சிப் பாவிக்காதீர்கள், வெள்ளைத் துணியில் ஒரு புள்ளி விழுந்தால் போகாது.

கேள்வி: என் வாப்பா மௌத்தாகி ஆறு மாதம். அவர் உடுத்த சாரம் ஏழு இருக்கிறது. உம்மாவுக்கு அதில் ஒரு போர்வை தைத்துத் தர முடியுமா? கழுவ வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். கழுவினால் வாப்பாவின் மணம் போய்விடும் என்று உம்மா விட மாட்டேன் என்கிறார். (கிண்ணியா வாசகி)

தைக்கலாம் மகள். ஒரு சாரத்தின் மூட்டுத் தையலைப் பிரித்தால் இரண்டு மீற்றர் அளவில் துணி வரும், ஏழு தாராளம். மேல் ஓரம், இடுப்பில் சுருட்டி இறுக்குகிற இடம், அது நைந்திருக்கும், அதை விட்டுவிடுவோம். கட்டம் போட்ட சாரமாக இருந்தால் அளவு மட்டை கூடத் தேவையில்லை, கோட்டிலேயே கத்தரிக்கலாம்.

கழுவத்தான் வேண்டும். வேர்வையும் எண்ணெயும் ஊறிய துணியைக் கழுவாமல் தைத்து வைத்தால் மஞ்சளாகும், கரப்பான் வரும், இரண்டு மழைக்காலத்தில் உம்மா போர்க்க முடியாதபடி ஆகிவிடும். ஆனால் ஏழையும் கழுவ வேண்டாம். எதில் மணம் கூட இருக்கிறது என்று உம்மாவே எடுத்துத் தரட்டும், அதை வெட்டவும் வேண்டாம், கழுவவும் வேண்டாம், நல்ல வெயிலில் காய்ந்த பிஸ்கட் டின்னுக்குள் மடித்து வைத்து இறுக்கி மூடிவிடுங்கள். அடிக்கடி திறக்காமல் இருந்தால் கனகாலம் நிற்கும். மற்ற ஆறையும் மெல்லிய சவர்க்காரத்தில் அலசி நிழலில் காயவையுங்கள். வாப்பாவின் சேட் ஏதாவது இருந்தால் அதையும் கொண்டு வாருங்கள், பொக்கற்றோடு சேர்த்து ஒரு சதுரம் வெட்டி, வாயைத் தைக்காமல் வைக்கிறேன், உம்மா கையை விட்டுக்கொள்ளலாம்.

பாதைப் படகுக்குக் காத்து நின்று வந்த காலம் இல்லை, 2009இல் பாலம் வந்த பிறகு கிண்ணியா எங்களுக்குப் பக்கத்து ஊர். ஒரு நாள் முற்பகல் வாருங்கள், பாண் ஓட்டோ போன பிறகு. வருமுன் மூட்டுத் தையலை வீட்டிலேயே பிரித்துவிடுங்கள், பிளேட்டால் இழுக்காமல், நூல் நூலாக. நீங்களும் உம்மாவும் ஆளுக்கு மூன்று எடுத்தால் ஒரு பின்னேரத்தில் முடியும்.